இருபத்துநான்கில் வெட்டிய பெயர்

தம்பி,

சனிக்கிழமை நீ தொலைபேசியில் இரண்டு கேள்விகள் கேட்டாய். முதலாவதற்கு அரை மணித்தியாலம் பதில் சொன்னேன். இரண்டாவதற்கு ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டேன். உன் அப்பா பக்கத்தில் இருந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தவர், நான் தொலைபேசியை வைத்ததும், "மற்றதுக்கு ஏன் மழுப்பினீர்?" என்று கேட்டார். அவருக்குத் தெரியாமல் கேட்கவில்லை. அவரும் நானும் சேர்ந்து மூடிவைத்த விஷயம்தான் அது. மழுப்பியதற்கு ஈடாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். கொம்பியூட்டரில்தான் எழுதுகிறேன், ஏனென்றால் இதை நீ இன்னும் இரண்டு பேருக்காவது காட்டவேண்டி வரலாம், என் கையெழுத்து அவர்களுக்கு விளங்காது.

நீ சொன்னதை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்து. சிங்கப்பூரில் நீ வேலை செய்யும் நிறுவனம், ஆஸ்பத்திரிக் கட்டில்களின் தலைமாட்டில் மாட்டும் சிறிய திரைகளைச் செய்கிறது. கட்டிலில் படுத்திருப்பவரின் பெயர் அதில் தெரியும். சென்ற மாதம் ஒரு கட்டிலின் திரையில் அடுத்த கட்டில்காரரின் பெயர் வந்திருக்கிறது. ஊசி போட வந்த தாதி, நோயாளியின் கையில் கட்டியிருந்த பெயர்ப் பட்டியையும் பார்த்ததால் ஒன்றும் நடக்கவில்லை. திரைகளைப் பொருத்தியவர் ஹென்றி என்ற ஐம்பது வயதுத் தமிழர். அவர்தான் கட்டில் இலக்கங்களை மாற்றிப் பதிந்துவிட்டார் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமைக் கூட்டத்தோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. ஆனால் பிழை ஹென்றியுடையது அல்ல, நீங்கள் சி மொழியில் எழுதிய நிரலில் இருக்கிறது என்று நீ போன கிழமை கண்டுபிடித்துவிட்டாய். இரண்டு வரியில் திருத்தியும் விட்டாய். "அடுத்த வேர்ஷனோட சேத்து அனுப்புவம், சத்தம் போடாத எண்டு கம்பெனியில சொல்லினம் அம்மா," என்றாய். அதைச் சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்தினாய். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாய் போல. நான், நினைவகத்தில் கூடுதல் இடம் கேட்கும் ரீஅலொக் கட்டளையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டேன்.

உன் முதலாவது கேள்வி, பெயர் நீளும்போது நினைவகத்தில் அதன் இடம் மாறுகிறதென்றால் ஏன் எப்போதும் பிழை வருவதில்லை என்பது. அதைப் பார்க்கத்தான் கொழும்பு வெள்ளவத்தையில் முன்பு நான் வேலை செய்த லாபுக்கு எழுதிய பழைய நிரலைத் தேடி எடுத்திருக்கிறாய். அதில் சரங்களை, அதாவது எழுத்து வரிசைகளை, வளர்க்கும் பகுதிக்கு மேலே ஒரு குறிப்பு வரி இருப்பதைக் கண்டாய். "ரிஸ்வானா பிழையல்ல" என்று ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி வைத்திருந்தேன். "ஆரம்மா இந்த ரிஸ்வானா?" என்று கேட்டாய். "அது அந்தக் காலத்தில லாபில நிண்ட ஒரு பிள்ளை" என்றேன். அது உண்மைதான், ஆனால் முழுவதும் அல்ல. நிரலை இயந்திரத்தின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் குறிப்பு வரிகளை வாசிப்பதில்லை, தூக்கி எறிந்துவிட்டு மற்றதை மட்டும் எடுத்துக்கொள்ளும். யாரும் வாசிக்காத இடம் என்று தெரிந்துதான் அதை அங்கே எழுதினேன்.

உனக்கு அப்போது ஏழு வயது. காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்த அந்த இரத்தப் பரிசோதனை லாபில் நான் ரிப்போர்ட் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். கையால் அடிப்பது அலுத்துப்போய், படித்த சி மொழியில் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். லாபின் சொந்தக்காரரான டொக்டருக்கு அதில் பெரிய பெருமை. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். எனக்கும் பெருமைதான், மறைக்கவில்லை. வெள்ளவத்தையில் அந்த நேரம் கொம்பியூட்டரில் ரிப்போர்ட் கொடுத்த லாபுகளை விரல்விட்டு எண்ணலாம்.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் ஹென்றியிடம் இதைக் காட்டுவதென்றால் அவருக்கு விளங்கவேண்டும், அதனால் எழுதுகிறேன். சி மொழிக்குப் பெயர் என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்தது வரிசையாக இருக்கும் சில எழுத்துகளும், முடிந்துவிட்டது என்று காட்டும் ஒரு பூச்சியமும்தான். அந்த வரிசைக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதை நிரல் எழுதுகிறவர் முன்கூட்டியே சொல்லவேண்டும். நான் இருபத்துநான்கு என்று சொன்னேன். என்வலப்பில் ஒட்டும் ஸ்டிக்கரில் ஒரு வரிக்கு அவ்வளவுதான் கொள்ளும். அச்சடிக்கும்போது மட்டும் வெட்டியிருந்தால் ஸ்டிக்கர் அசிங்கமாக இருந்திருக்குமே தவிர வேறு கேடு வந்திராது. நான் பெயரை வைக்கும் இடத்திலேயே வெட்டினேன். பூச்சியத்துக்கு ஓர் இடம் போக இருபத்துமூன்று எழுத்து. என் பெயர், உன் அப்பாவின் பெயர், டொக்டரின் பெயர் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். எல்லாம் அடங்கின. எங்கள் வீட்டுப் பெயர்கள் அடங்கினால் உலகத்துப் பெயர்கள் எல்லாம் அடங்கும் என்று நினைத்த ஆள் நான்.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆற்றாத ஒரு சங்கதி இருக்கிறது. இத்தனை எழுத்துக்கு மேல் எடுக்காதே என்று சொல்லி நகலெடுக்கும் கட்டளை ஒன்று சி மொழியில் இருக்கிறதல்லவா, அது இடம் நிரம்பிவிட்டால் கடைசியில் பூச்சியத்தை வைக்காமல் விட்டுவிடும். அதை அப்படியே விட்டிருந்தால் நீளமான பெயர்களுக்குப் பின்னால் ஏதாவது குப்பை எழுத்துகள் வந்து விழுந்திருக்கும், முதல் நாளே யாராவது சத்தம் போட்டிருப்பார்கள். நான் கவனமானவள். கடைசி இடத்தில் பூச்சியத்தை நானே வைத்தேன். ஆகவே நீளமான பெயர்கள் சுத்தமாக, அழகாக, ஒரு சத்தமும் இல்லாமல் வெட்டுப்பட்டன.

எங்களுடைய ஆட்களுக்குத் தகப்பன் பெயர் முன்னுக்கு வரும், சொந்தப் பெயர் பின்னுக்கு வரும். பின்னாலிருந்து வெட்டினால் போவது யாருடையது என்று பார். தகப்பன் முழுசாக நிற்பார், பிள்ளை போய்விடும். போதாததற்கு, ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே சத்தத்தில் தொடங்கும் பெயர்களாகப் பார்த்து வைப்போம். தர்ஷினி, தாரணி என்று இரண்டு சகோதரிகள் ஒரே நாளில் இரத்தம் கொடுக்க வந்தார்கள். மூத்தவளுக்கு இருபத்தாறு, இளையவளுக்குப் பதினெட்டு. தகப்பன் பெயர் பாலசுப்பிரமணியம். மிஸ் என்பதையும் சேர்த்து ஆங்கிலத்தில் எழுதினால் தகப்பனோடேயே இருபது எழுத்து முடிந்துவிடும். பிறகு ஓர் இடைவெளி. மிச்சம் இரண்டே இரண்டு எழுத்துக்கு இடம். இரண்டு பிள்ளைகளுக்கும் அது டீயும் எச்சும்தான். இரண்டு என்வலப்பிலும் ஒரே பெயர், உள்ளே இருந்த ரிப்போர்ட்டிலும் அதே பெயர். வயது போடும் வழக்கம் அப்போது எங்களுக்கு இல்லை. மூலையில் சிறிய எழுத்தில் ஓர் இலக்கம் இருந்தது, அதை யாரும் பார்ப்பதில்லை. வருகிறவர்கள் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள்.

அவர்கள் கேட்டது ரிஸ்வானாவிடம். கொழும்பின் வடகோடியில் உள்ள மட்டக்குளியிலிருந்து பஸ்ஸில் வருவாள், இருபத்திரண்டு வயது, முன்மேசையில் இருந்து என்வலப்புகளை எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. ஒரு தரம் வந்து போனவரின் முகத்தை மறக்கமாட்டாள். ஆனால் அன்றைக்கு ரிப்போர்ட் எடுக்கச் சகோதரிகள் வரவில்லை. காலையில் மூத்தவளுக்கென்று தாய் வந்தார், பின்னேரம் இளையவளுக்கென்று தகப்பன் வந்தார். ரிஸ்வானா பெட்டியில் முதலில் கையில் பட்டதைப் பெயர் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். பின்னேரம் மிச்சம் இருந்ததையும் பெயர் பார்த்தே கொடுத்தாள். இரத்தத்தில் சீனி கூடியிருந்தது மூத்தவளுக்கு. மருந்து தொடங்கியது இளையவளுக்கு. ஒன்றுமில்லாத உடம்பு சீனியைக் குறைக்கும் குளிசையைத் தாங்குமா? மூன்றாம் கிழமை வெள்ளவத்தை ஸ்டேஷனில் அந்தப் பிள்ளை மயங்கி விழுந்தாள். தண்டவாளப் பக்கம் சாய்ந்தவளைப் பக்கத்தில் நின்ற ஒரு பெண் கையில் பிடித்து இழுத்திருக்கிறார். ரெயில் அப்போதுதான் போயிருந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டாள், இப்போது எங்கேயோ நலமாக இருக்கிறாள் என்று கேள்வி.

தகப்பன் இரண்டு ரிப்போர்ட்டையும் கொண்டுவந்து டொக்டரின் மேசையில் போட்டார். நான் என் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தேன், ஐந்தடி தூரம். டொக்டர் ரிஸ்வானாவைக் கூப்பிட்டார்.

"பேரைக்கூட வாசிக்கத் தெரியாதே உமக்கு?"

"பேரப் பாத்துத்தான் டொக்டர் குடுத்தேன்."

"பேரைப் பாத்துக் குடுத்தா எப்பிடி மாறும்? உம்மட கவனயீனத்தால ஒரு பிள்ளை சாகப் பாத்தது."

அவள் மேசையில் கிடந்த இரண்டு தாள்களையும் பார்க்கவில்லை, தன் கைகளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தாள்களைப் பார்த்தேன். ஐந்தடி தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டும் ஒரே இடத்தில் முடிந்திருந்தன. வாயைத் திறந்தால் ஒரு வசனம் போதும். நான் கீபோர்ட்டில் எதையோ தட்டினேன். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு போகும்போது வழக்கம்போல், "வாறேன் மிஸ்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் இருந்த இடத்தில் மின்விசிறி போட்டு, வசதியாக ஒரு கதிரையும் இருந்தது.

திங்கட்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். அவள் போன அன்றே உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "விடுமப்பா. அந்தப் பிள்ளைக்கு வேற வேலை கிடைக்கும். நீர் இப்ப வாயைக் குடுத்தா உம்மையும் அனுப்பிப்போடுவார், பேந்து ஒருத்தரும் உம்மட புரோகிராமைத் தொடமாட்டினம்" என்றார். அவரைக் குறை சொல்லி நான் தப்பமாட்டேன். அவர் சொல்லவேண்டும் என்று நான் எதிர்பார்த்ததைத்தான் அவர் சொன்னார். வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் நான் இன்னொருவரிடம் போய் யோசனை கேட்டிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஞாபகம் இருக்கிறது என்று நீ பல தடவை சொல்லியிருக்கிறாய். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, டெலிபோன் டிரெக்டரியை உன் மடியில் வைத்து, "உள்ளதுக்குள்ள நீளமான பேராப் பாத்து வாசி, ஒவ்வொண்டுக்கும் ஒரு பால்டொபி" என்றேன். நீ நிலத்தில் படுத்திருந்து வாசித்தாய், நான் தட்டினேன். பெயர் நீள நீள உனக்குச் சிரிப்பு. மூச்சு விடாமல் வாசிக்கப் பார்த்து இருமினாய். அம்மாவோடு கொம்பியூட்டர் விளையாடிய முதல் நாள் என்றும், அன்றுதான் நிரல் எழுதும் ஆசை வந்தது என்றும் உன் நண்பர்களுக்கெல்லாம் சொல்கிறாய். நான் அதை ஒருநாளும் மறுக்கவில்லை. அது விளையாட்டல்ல. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தேன், நீ எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாய். உன் நல்ல ஞாபகம் ஒன்றைக் கெடுப்பதற்கு மன்னித்துக்கொள்.

அன்றைக்குத்தான் வளரும் சரம் எழுதப் பழகினேன். நினைவகத்தில் சிறிய இடம் ஒன்றைக் கேட்டு வாங்குவது. எவ்வளவு எழுத்து இருக்கிறது, எவ்வளவுக்கு இடம் இருக்கிறது என்ற இரண்டு எண்களையும் கூடவே வைத்திருப்பது. அடுத்த எழுத்துக்கும் முடிவுப் பூச்சியத்துக்கும் இடம் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பது. இல்லையென்றால் ரீஅலொக்கிடம் போய், இருப்பதைப்போல் இரண்டு மடங்கு கேட்பது. ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டால் என்ன என்று நீ கம்பஸ் போன புதிதில் கேட்டாய். ஒவ்வொரு விருந்தாளி வரும்போதும் ஒருவருக்கு மட்டும் போதுமான அளவில் வீடு மாற்றிக்கொண்டிருந்தால் சாமான் தூக்குவதிலேயே ஆயுள் போய்விடும் என்றேன். அது நாங்கள் அனுபவித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜில் ஓர் அறை, பிறகு சித்தப்பா வந்ததும் ஓர் அனெக்ஸ், பிறகு இந்த பிளாட்.

ரீஅலொக் கேட்ட இடத்தைச் சில நேரம் இருந்த இடத்திலேயே நீட்டித் தரும். பக்கத்தில் வேறு யாராவது இருந்தால், எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்ப் புது இடத்தில் வைத்து, புது முகவரியைத் தரும். இடமே இல்லையென்றால் வெறுங்கையை விரிக்கும், ஆனால் பழைய இடம் அப்படியே இருக்கும். அதனால்தான் அது தருவதை நேரே பழைய பெயரிலேயே வாங்காதே, வேறொரு மாறியில் வாங்கிப் பார், வெறுங்கை இல்லையென்று தெரிந்தபின் மாற்று என்று உனக்குத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். வெறுங்கையைப் பழைய பெயரில் வாங்கினால் இருந்த இடத்தின் முகவரியும் தொலைந்துவிடும். உன் நிரலில் அது சரியாகத்தான் இருக்கிறது. உன் பிழை மற்றது, அந்த ஞாயிற்றுக்கிழமை என் பிழையும் அதுதான். சரம் வீடு மாறிவிட்டது, ஆனால் திரையில் பெயர் காட்டும் பகுதியிடம் பழைய முகவரிதான் இருந்தது.

நாங்கள் லொட்ஜை விட்டு வந்தபிறகும் எங்கள் கடிதங்கள் அங்கேதான் போயின. முதல் இரண்டு மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை, அறை சும்மா கிடந்தது, மனேஜர் கடிதங்களை உள்ளே போட்டுவைப்பார், அப்பா போய் எடுத்துவருவார். சரியாகத்தானே நடக்கிறது என்று நாங்களும் முகவரி மாற்றிக் கொடுக்கவில்லை. பிறகு அறையில் வேறொருவர் வந்தார். உன் பள்ளிக்கூட அனுமதிக் கடிதம் வந்தபோது அந்த மனிதர் அதன்மேல் குளிக்கும் சவர்க்காரத்தை வைத்திருந்தார். இதுதான் உன் முதலாவது கேள்விக்கு விடை. குறுகிய பெயர்கள் வளர்வதே இல்லை. வளர்கிறவற்றில் சில நகர்வதில்லை. நகர்ந்தவற்றிலும் பல, பழைய இடத்தில் வேறு யாரும் குடிவரும்வரை சரியாகவே தெரியும். குடிவந்தவர் அடுத்த கட்டில்காரர் என்றால் அவருடைய பெயர் தெரியும். ஹென்றி எத்தனை கவனமாகப் பதிந்திருந்தாலும் இதைத் தடுத்திருக்க முடியாது.

நான் அன்று நீ வாசித்த பதினேழாவது பெயரில் இதைப் பிடித்தேன். முகவரியைக் கையில் வைத்திருக்காமல், தேவைப்படும்போதெல்லாம் சரத்திடமே கேட்டு வாங்குமாறு மாற்றினேன். பின்னேரம் ஐந்து மணிக்கு எல்லாம் சரியாக ஓடியது. அந்தப் பகுதிக்கு மேலே அந்தக் குறிப்பு வரியை எழுதினேன். திங்கட்கிழமை டொக்டரிடம், "புது வேர்ஷன் போட்டிருக்கிறன், பேர் முழுசா வரும்" என்றேன். "கெட்டிக்காரி" என்றார். முன்மேசையில் புதிதாக ஒரு பிள்ளை இருந்தாள். என்னால் அவளுக்கு ஒரு பிரச்சினையும் வரவில்லை. அந்த நிரல் பதினொரு வருடம் ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது. அதை நான் நினைத்துச் சந்தோஷப்பட்ட நாட்களும் உண்டு என்பதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

நீ தொலைபேசியில் கேட்டபிறகு, இந்தச் செவ்வாய்க்கிழமை மட்டக்குளிக்குப் போனேன். ரிஸ்வானாவின் விலாசம் எனக்குத் தெரியும், அவள் வேலைக்கு வந்தபோது விவரங்களைக் கொம்பியூட்டரில் ஏற்றியது நான்தான். அப்பாவும் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். எங்கள் ஒழுங்கை முனையில் ஏறினால் ஒரே பஸ். மட்டக்குளி என்று பலகை போட்டுக்கொண்டு அது இருபத்திரண்டு வருடமாக எங்கள் முனையால் போய்க்கொண்டுதான் இருந்தது. நான் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்கும்போது எத்தனையோ தடவை நடத்துனர் அந்த ஊரின் பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கிறார்.

அவள் வீடு மாறவில்லை. தொடர்மாடியில் மூன்றாம் மாடி. கதவைத் திறந்தவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "மிஸ்! வாங்க, உள்ளுக்கு வாங்க" என்றாள். முகம் மறக்காதவள் என்று சொன்னேன் அல்லவா. தையல் மெஷினிலிருந்த துணியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். மகள் பிளேன்டீ கொண்டுவந்தாள், இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை. ரிஸ்வானா பாட்டியாகிவிட்டாள். தேநீரைக் குடித்தால் சொல்லாமலே திரும்பிவிடுவேன் என்று பயந்து, கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். ஸ்டிக்கர், இருபத்துநான்கு, இரண்டு சகோதரிகள், ஞாயிற்றுக்கிழமை, எல்லாம். அவளுக்கு விளங்காது என்று நினைத்து ஒரு தாளில் இரண்டு பெயரையும் எழுதி வெட்டிக் காட்டினேன். அவளுக்கு நான் வெட்ட முன்பே விளங்கிவிட்டது.

ஏசுவாள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அதற்கு என்னிடம் பதிலும் தயாராக இருந்தது, அதாவது பதில் இல்லை என்ற பதில். அவள் ஏசவில்லை. தாளைக் கையில் எடுத்து, இரண்டு பெயரையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நான்தான் மாத்திக் குடுத்துட்டேன்னு நெனச்சிட்டு இருந்தேன் மிஸ்," என்றாள். "பேரப் பாத்துக் குடுத்த மாதிரித்தான் எனக்கு ஞாபகம். ஆனா டொக்டர் அப்பிடிச் சொன்னதும், ஒருவேள பாக்காமக் குடுத்திட்டனோன்னு ஆயிட்டு. பொறகு அப்பிடித்தான்னு ஆயிட்டு."

"வேற இடத்தில வேலைக்குப் போகேல்லையே?" என்று கேட்டேன்.

"பேர் பாக்குற வேல ஒண்டுக்கும் போகல்ல. பயம். புள்ளைக்கு மருந்து குடுக்கக்குள்ளயும் போத்தல்ல நான் வாசிக்கிறல்ல. பக்கத்து வீட்டுல யாரையும் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுவேன். இவ வாசிக்கப் பழகினதுக்குப் பொறகு இவதான் வாசிப்பா."

வேலை போனதை நான் இத்தனை வருடமும் மனதில் எடைபோட்டுப் பார்த்திருக்கிறேன். வேறு வேலை கிடைத்திருக்கும், கல்யாணம் கட்டியிருப்பாள், மறந்திருப்பாள் என்று எனக்கு வசதியாகக் கழித்தும் வைத்திருந்தேன். நான் அவளிடமிருந்து எடுத்தது வேலையை மட்டும் என்று நினைத்திருந்தேன். தன் கண்ணையும் கையையும் நம்பும் பழக்கத்தை எடுத்துவிட்டேன் என்பது எனக்கு அந்தக் கதிரையில் இருக்கும்போதுதான் தெரிந்தது. அழுதேன். அவள் எழுந்து வந்து தோளில் கை வைத்தாள். அதுவும் தாங்கமுடியவில்லை. பிறகு அவள் மகளைக் கூப்பிட்டு முன்னால் நிற்கவைத்து, "மிஸ், அத இவளுக்கு முன்னால ஒருக்காச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். "இன்னொருக்கா" என்றாள். இன்னொரு தரமும் சொன்னேன்.

நேற்றுக் காலையில் லாபுக்குப் போனேன். டொக்டர் இல்லை, மகன் நடத்துகிறார். நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன், பிரதி ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கினேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "இதால இப்ப ஆருக்கு என்ன ஆன்ட்டி?" என்றார். பிரதி ரிஸ்வானாவுக்கு என்றேன்.

உனக்கு நான் புத்தி சொல்லும் வயது இல்லை, எனக்குச் சொல்லும் தகுதியும் இல்லை. உன் கம்பெனி உன்னை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் செய்யாது என்று பொய் சொல்லமாட்டேன். வீட்டுக் கடன், வீசா எல்லாம் உன் தலைக்கு மேல் இருக்கிறது, எங்களுக்கும் அது தெரியும். திரும்பி வரவேண்டி வந்தால் வா, உன் அறை அப்படியே இருக்கிறது, அப்பா நேற்று அதன் மின்விசிறியைத் துடைத்துவைத்தார், நான் சொல்லாமலே. ஆனால் நீ அன்று சொல்லிவிட்டு நிறுத்தினாயே, அந்த ஒரு கணத்தில் நீ என்னிடம் கேட்டது எனக்குக் கேட்டது. உன் அப்பா அன்று எனக்குச் சொன்ன மாதிரி, விடு என்று நான் சொல்வேன் என்று பார்த்தாய். நான் சொல்லமாட்டேன். ஹென்றி இந்த நேரம் வீட்டில் இருந்து, எந்தக் கட்டிலுக்கு எந்த இலக்கத்தைப் பதிந்தேன் என்று திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். சரியாகத்தான் பதிந்தேன் என்று முதலில் தோன்றியிருக்கும். ஒரு மாதமாகிவிட்டது, இப்போது அவ்வளவு நிச்சயமாக இராது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ரிஸ்வானாவின் மகள் தொலைபேசியில் எடுத்தாள். குழந்தைக்குக் காய்ச்சலாம். பயப்பட ஒன்றுமில்லை, சொல்ல வேண்டும்போல் இருந்தது என்றாள். "இண்டைக்கு உம்மாவே போத்தல்ல வாசிச்சு மருந்து குடுத்தாங்க மிஸ். ரெண்டு தரம் வாசிச்சாங்க. ஆனா என்னக் கூப்பிடல்ல."

வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்ததும் எனக்கு எடு. ஹென்றிக்கு இன்றைக்கே எடு.

அம்மா